செத்தது பவர் சப்ளைதானா? மாற்றும் முன் அளந்து பார்க்கும் முறை

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிய கம்ப்யூட்டர் ஒருநாள் பட்டனை அழுத்தியும் அசையவில்லை என்றால், பழி நேராக பவர் சப்ளையின் தலையில்தான் விழும். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதேபோல் அசையாமல் கிடக்கும்போதுதான் கோளாறு வேறெங்கோ என்பது தெரியவரும். இன்றைய பவர் சப்ளைக்குள் காவல் சர்க்யூட்கள் இருக்கின்றன. மதர்போர்டிலோ கிராபிக்ஸ் கார்டிலோ ஷார்ட் இருந்தால் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். செத்த சப்ளையும், தன் வேலையை ஒழுங்காகச் செய்து அணைந்த சப்ளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால்தான் இரண்டும் பிரியும்.

அதனால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். சப்ளையிலிருந்து சரியான வோல்டேஜ் வருகிறதா? வருகிறதென்றால், பாரம் ஏறும்போது, அதாவது பாகங்கள் அதிகக் கரண்ட் இழுக்கும்போது, அது நிற்கிறதா? நிற்கவில்லை என்றால், சப்ளை தானாகத் தளர்கிறதா, இல்லை வேறு பாகம் அதைக் கீழே இழுக்கிறதா?

தேவைப்படும் கருவிகள் குறைவு. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பேப்பர் கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச். கூடவே வண்டி இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்று கிடைத்தால் மிக நல்லது. மல்டிமீட்டரின் பேட்டரி பலவீனமாக இருந்தால் பல மீட்டர்கள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த மீட்டரை நம்பினால் நல்ல சப்ளைகூடக் கெட்டதாகத் தெரியும். எனவே முதலில் ஒரு புதிய 1.5 வோல்ட் செல்லை அளந்து பாருங்கள். 1.5க்கும் 1.6க்கும் நடுவில் காட்டினால் மீட்டரை நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. சப்ளையின் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே வரும் மின்சாரத்தை ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற முன்பகுதி சர்க்யூட் ஏறக்குறைய 380 வோல்ட் டி.சி.யாக உயர்த்தி, சார்ஜைச் சேமிக்கும் பாகமான ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கி வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். கெட்டுப்போன சப்ளையில் அதை வடிக்கும் பகுதியே பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையும் வீண்தான். அந்த ஃபியூஸ் சும்மா போவதில்லை. பெரும்பாலும் முன்பக்கத்தில் ஸ்விட்ச்போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரோ, ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ ஷார்ட் ஆன பிறகுதான் அது போகும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த நொடியே மறுபடி போகும். கீழே சொல்லியிருக்கும் எல்லாச் சோதனையும் வெளியே வரும் கேபிள்களில் செய்பவை. அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. ஆனாலும் கரண்ட் அதிகம், மோதிரம் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்

சுவர் பிளக்கில் வேறொரு சாதனத்தைச் செருகி கரண்ட் வருகிறதா பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு, யு.பி.எஸ். எதுவும் நடுவில் இல்லாமல் கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கு வரும் கார்டு பெரும்பாலும் அதே சி13 வகைதான். சப்ளையின் பின்புற ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. பழைய சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற பக்கம் அது இருக்கிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115இல் இருந்து ஏற்கெனவே ஆன் செய்திருந்தால், சத்தத்தோடு கதை முடிந்திருக்கும்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கப் பவர் பட்டனை ஒரு 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். சில காவல் சர்க்யூட்கள் ஒருமுறை விழுந்தால் பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய சார்ஜ் வடிந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். மின்வெட்டுக்கோ இடி மழைக்கோ பிறகு எழ மறுத்த கம்ப்யூட்டர் இத்தோடு எழுந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது பவர் பட்டன். கேபினட்டின் பட்டனே பழுதாகி, மொத்தப் பழியையும் சப்ளை சுமப்பது அடிக்கடி நடக்கிறது. மதர்போர்டின் கீழ் ஓரத்தில் முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் பின்கள் இருக்கும். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்கள் எவை என்று போர்டின் கையேட்டில் பார்த்து, அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். எழுந்தால் கேபினட்டின் பட்டன் கெட்டிருக்கிறது. ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம்.

அது எப்படி மறுக்கிறது?

எல்லாம் அசைவற்றுக் கிடக்கிறது, மதர்போர்டில் ஒரு விளக்கும் இல்லை என்றால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வர வேண்டிய 5 வோல்ட், வரவில்லை என்று கருதலாம். எல்லா போர்டிலும் ஸ்டாண்ட்பை விளக்கு இருக்காது என்பதால், விளக்கு இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் பட்டனுக்கு எந்தப் பதிலும் இல்லை என்றால் சப்ளையின் ஸ்டாண்ட்பை பகுதியாவது உயிரோடு இருக்கிறது. பிரதான பகுதி கெட்டிருக்கலாம், அல்லது போர்டு ஆன் சொல்லும் கட்டளையையே அனுப்பாமல் இருக்கலாம்.

ஃபேன்கள் அரை நொடி துள்ளி நின்றால் அது ஷார்ட்டின் அடையாளம். சப்ளை எழுகிறது, எங்கோ கரண்ட் எல்லை மீறுவதைப் பார்க்கிறது, அணைகிறது. டக், டக் என்று ரிலே சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வருவதும் இதே வகைதான். இந்த நிலையில் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது கெடுதல். ஒவ்வொரு முயற்சியிலும் ஷார்ட் ஆன பாகத்துக்குள் கரண்ட் பாய்கிறது.

ஃபேன் ஓடுகிறது, திரையில் படம் இல்லை என்றால் சப்ளையைவிட ரேம், சி.பி.யு., கிராபிக்ஸ் கார்டு மேல்தான் சந்தேகம் அதிகம். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பவர் குட் சிக்னல். அது கீழே வரும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பாரம் ஏறினால் மட்டும் அணைகிறது என்றால் அது தனிக் கதை. அதற்கும் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறது.

24 பின் கனெக்டரைப் படிப்பது

மதர்போர்டில் செருகும் பெரிய 24 பின் கனெக்டர்தான் நோயாளியின் நாடி. பழைய சப்ளைகளில் ஒயரின் நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, நீலம் மைனஸ் 12, பச்சை ஆன் செய்யும் கட்டளை, சாம்பல் பவர் குட், கறுப்பு எல்லாம் கிரவுண்ட். இப்போது வரும் சப்ளைகளில் எல்லா ஒயரும் கறுப்பு என்பதால் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது.

கனெக்டரில் பிடிப்புக் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையைப் பாருங்கள். அந்த வரிசையில் ஒரு ஓட்டையில் மட்டும் ஒயர் இருக்காது. அது 20ஆம் பின். முன்பு மைனஸ் 5 வோல்ட் வந்த இடம், இப்போது காலி. அந்தக் காலி ஓட்டை ஒரு முனையிலிருந்து ஐந்தாவது, மறுமுனையிலிருந்து எட்டாவது. எட்டாவதாக வரும் அந்த முனையிலிருந்து எண்ணினால், கொக்கி வரிசையில் நான்காவது பச்சை, அதாவது 16ஆம் பின். அதன் இருபுறமும் இருக்கும் 15, 17 இரண்டும் கிரவுண்ட். காலி ஓட்டைக்கு நேர் எதிரே, மற்ற வரிசையில் இருப்பது பவர் குட். அதிலிருந்து பக்கத்து முனையை நோக்கி நகர்ந்தால் அடுத்தது ஸ்டாண்ட்பை, பிறகு இரண்டு 12 வோல்ட், கடைசியில் ஒரு 3.3 வோல்ட். இந்த ஒரு காலி ஓட்டையைப் பிடித்துக்கொண்டால் நிறமே இல்லாமல் முழு கனெக்டரையும் படித்துவிடலாம்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கனெக்டர் போர்டில் செருகியபடியே இருக்கட்டும். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கிரவுண்ட் ஒயரின் பின்பக்க ஓட்டையிலும், சிவப்பு முனையை ஊதா ஒயரின் பின்பக்கத்திலும், உள்ளே உலோகம் தட்டுப்படும் வரை மெதுவாக இறக்குங்கள். முனை தடியாக இருந்தால் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்து அதுவே புதிய கோளாறாகிவிடும். மெல்லிய தையல் ஊசியை இறக்கி அதன் மேல் மீட்டர் முனையை வைக்கலாம். ஆனால் இரண்டு ஊசிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பின்புற ஸ்விட்ச் ஆனில் இருந்தால் இங்கே 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். வரவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, 24 பின்னையும் சி.பி.யு.வுக்குப் போகும் 8 பின்னையும் போர்டிலிருந்து கழற்றி, மறுபடி ஆன் செய்து அதே இடத்தில் அளந்து பாருங்கள். தனியாக இருக்கும்போதும் பூஜ்யம் என்றால் சப்ளை போய்விட்டது, வேறு சோதனையே வேண்டாம். தனியாக இருக்கும்போது 5 வருகிறது, போர்டில் செருகினால் விழுகிறது என்றால் போர்டு பக்கம் ஸ்டாண்ட்பை ஷார்ட் ஆகிறது.

அப்படி விழுந்தால் முதலில் முன்பக்க யு.எஸ்.பி. ஒயர்களைக் கழற்றுங்கள். பல போர்டுகளில் யு.எஸ்.பி. சாக்கெட்டுகளுக்கு ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டே போகிறது. முன்பக்க சாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய பின் ஒன்று வளைந்து உலோகக் கூட்டைத் தொட்டால் முழுக் கம்ப்யூட்டரும் எழாமல் போகலாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், வளைந்த பின் கண்ணுக்கே தெரியும்.

சப்ளையைத் தனியாக எழுப்புவது

பட்டனை அழுத்தினால் போர்டு செய்வது ஒன்றுதான்: பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கிறது. அந்த வேலையைப் பேப்பர் கிளிப்பும் செய்யும்.

சப்ளையின் எல்லா கேபிள்களையும் எல்லாப் பாகங்களிலிருந்தும் கழற்றுங்கள், ஹார்ட் டிஸ்க் உட்பட. பின்புற ஸ்விட்சை அணையுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி யு வடிவில் வளைத்து, 16ஆம் பின்னிலும் பக்கத்து கிரவுண்டிலும் செருகுங்கள். சரியான ஓட்டைதானா என்று இரண்டாம் முறையும் எண்ணிப் பார்த்த பிறகே ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். சரியான இடத்தில் இருந்தால் கிளிப் வழியே போவது மிகச் சிறிய கரண்ட்தான். தவறி 12 வோல்ட்டில் செருகியிருந்தால் தீப்பொறி பறக்கும். சப்ளை அணைந்து தப்பிக்கலாம், ஆனால் அந்தப் பரீட்சை தேவையில்லை.

ஃபேன் சுற்றினால் சப்ளை எழுந்துவிட்டது. சுற்றவில்லை என்பதால் மட்டும் செத்ததாக அர்த்தமில்லை. பாரம் குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் சப்ளைகள் நிறைய உண்டு. சிலவற்றில் அதற்கென்றே ஒரு பட்டன் பின்புறம் இருக்கும், அதை மாற்றிவிட்டுப் பாருங்கள். எப்படியானாலும் முடிவைச் சொல்ல வேண்டியது ஃபேன் அல்ல, மீட்டர்.

இப்போது ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டுக்கு அனுமதி 11.40 முதல் 12.60 வரை. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25. 3.3 வோல்ட்டுக்கு 3.14 முதல் 3.47. இவை மூன்றுக்கும் ஐந்து சதவீதம் மேலும் கீழும் போகலாம். மைனஸ் 12க்கு மட்டும் பத்து சதவீதம், அதாவது 10.8 முதல் 13.2. அந்த மைனஸ் 12ஐ இன்றைய பாகங்கள் ஏறக்குறைய பயன்படுத்துவதே இல்லை, அதன் அளவு கொஞ்சம் விலகியிருப்பதற்காகச் சப்ளையைத் தூக்கிப் போட வேண்டாம்.

பவர் குட் பின்னையும் அளக்க மறக்காதீர்கள். சப்ளை எழுந்து எல்லா வோல்டேஜும் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லிவினாடிக்குள் இது ஏறக்குறைய 5 வோல்ட்டுக்கு உயர வேண்டும். இந்தச் சிக்னல் வரும் வரை மதர்போர்டு சி.பி.யு.வை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். 12, 5, 3.3 எல்லாம் சரியாக இருந்தும் இது மட்டும் வராவிட்டால், ஃபேன் எல்லாம் ஓடும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செருகினாலும் பலன் இருக்காது.

பாரம் ஏற்றாமல் நல்லது என்று சொல்லாதீர்கள்

பேப்பர் கிளிப் சோதனையில் தேறியதும் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழை. விளக்குகள் எரியும் சிறிய டெஸ்டர்களும் இதே அளவுக்குத்தான் சொல்லும். பாரமே இல்லாமல் 12.1 வோல்ட் காட்டும் சப்ளை, ஒரு பல்பைக் கட்டினால் 9க்கு விழலாம். செத்ததைக் காட்டிக்கொடுக்கும் சோதனை வேறு, நல்லதை உறுதிசெய்யும் சோதனை வேறு.

அதற்குத்தான் அந்த 21 வாட் பல்ப். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். சப்ளையின் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் நடுவே பல்பை இணைத்து, கிளிப் வழியாகச் சப்ளையை எழுப்புங்கள். ஆரோக்கியமான சப்ளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல, 12 வோல்ட் அளவு 0.1 வோல்ட்கூட அசையாது. பல்ப் மங்கலாக எரிந்தாலோ, துடித்தாலோ, சப்ளை அணைந்தாலோ தீர்ப்பு வந்துவிட்டது. இன்னொரு பல்பைப் பக்கவாட்டில் சேர்த்து 3.5 ஆம்பியரிலும் பாருங்கள். பல்ப் நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள். அதிக வெளிச்சம் வேண்டும் என்று 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கட்ட வேண்டாம். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. எரியத் தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் கரண்ட், எரியும்போது இழுப்பதைப்போல் சுமார் பத்து மடங்கு. நல்ல சப்ளைகூட அதை ஷார்ட் என்று நினைத்து அணையலாம்.

பழைய அல்லது மலிவான வடிவமைப்பு என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் 12ஐயும் 5ஐயும் சேர்த்தே கட்டுப்படுத்துவார்கள். 12இல் மட்டும் பாரம் ஏற்றினால் 5 வோல்ட் மேலே ஏறும். அது அந்த வடிவமைப்பின் குணம், பழுது அல்ல.

கம்ப்யூட்டர் எழுந்து ஓடும் நிலையில் இருந்தால், உண்மையான பாரத்திலேயே அளப்பது இன்னும் நல்லது. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கனெக்டரின் பின்பக்கத்தில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மீட்டரை வைத்து, சும்மா இருக்கும்போது ஒருமுறை, கனமான கேம் ஓடும்போது ஒருமுறை பாருங்கள். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முனை வழுக்கி இரண்டு பின்களைச் சேர்த்துவிடாமல் இருக்க, கையால் பிடிக்காமல் முதலிலேயே நிலையாகப் பொருத்திவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜ் எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவை போர்டில் இருக்கும் சென்சாரின் கணக்கு. 12 வோல்ட் இருக்கும் இடத்தில் 8 என்று காட்டுவதும் உண்டு. உண்மையில் 8ஆக இருந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கவே முடியாது.

மல்டிமீட்டரால் பிடிக்க முடியாதது ரிப்பிள். டி.சி.யின் மேல் ஏறி நிற்கும் வேகமான அலை அது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5இலும் 3.3இலும் 50 மில்லிவோல்ட் என்பது எல்லை. கெபாசிட்டர்கள் காய்ந்துபோனால் சராசரி வோல்டேஜ் மாறாமல் இந்த அலை மட்டும் பெருகும். இதை ஆசிலோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். எல்லா எண்களும் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் தொங்குகிறது, ரேமும் சோதனையில் தேறிவிட்டது என்றால், வேறொரு நல்ல சப்ளையை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

சப்ளை நல்லது, ஆனால் மாட்டினால் அணைகிறது

இங்கேதான் பொறுமை வேண்டும். கேபினட்டிலிருந்து மதர்போர்டை எடுத்து ஒரு காய்ந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சி.பி.யு., அதன் கூலர், ஒரே ஒரு ரேம், இவ்வளவு மட்டும் இருக்கட்டும். 24 பின்னையும் 8 பின்னையும் செருகி, பவர் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் தொடுங்கள். கேபினட்டுக்கு வெளியே எழுந்தால் போர்டின் அடியில் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில், போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் (ஸ்டாண்ட்ஆஃப்) ஒன்று முளைத்திருக்கும், அல்லது தவறி விழுந்த ஸ்க்ரூ ஒன்று கிடக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான் ஆள்.

வெறும் போர்டோடும் அணைந்தால், 8 பின் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அதைக் கழற்றினால் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது, செருகினால் அரை நொடியில் நிற்கிறது என்றால், சி.பி.யு.வுக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருப்பதற்கான வலுவான அறிகுறி. உறுதிசெய்ய, எல்லா மின்சாரத்தையும் துண்டித்து, மீட்டரை ஓம் ரேஞ்சுக்கு மாற்றி, போர்டில் இருக்கும் 8 பின் சாக்கெட்டின் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். கொக்கி மாட்டும் பக்கத்து நான்கும் 12 வோல்ட், எதிர் வரிசை நான்கும் கிரவுண்ட். எண் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏறிக்கொண்டே போனால் நல்லது, கெபாசிட்டர்கள் நிரம்புகின்றன என்று அர்த்தம். ஓரிரு ஓமிலேயே நின்றுவிட்டால் ஷார்ட். அதன் பிறகு வேறு சப்ளையை வைத்து முயலவே கூடாது, 12 வோல்ட் நேராக சி.பி.யு.வுக்குள் போகும் ஆபத்து உண்டு. கிராபிக்ஸ் கார்டின் சாக்கெட்டையும் இதே முறையில் அளக்கலாம். அங்கே மட்டும் வரிசை தலைகீழ், கொக்கிப் பக்கம்தான் கிரவுண்ட்.

இந்தத் தலைகீழ் விஷயம் முக்கியமானது. சி.பி.யு.வின் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் செருகினால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் இறங்கும். நுழைய மறுக்கும் கனெக்டரை வலுவாக அழுத்தாதீர்கள்.

பாரத்தில் மட்டும் அணைந்தால்

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருப்பதைப் பார்த்துச் சப்ளைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் தொங்கி, நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே பதிவுதான் வரும்.

பிரித்துப் பார்ப்பதற்கு எளிய வழி இது. முதலில் சி.பி.யு.வுக்கு மட்டும் பாரம் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், வெப்பத்தையும் பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும். பிறகு இரண்டுக்கும் சேர்த்து. தனித்தனியே நிற்கிறது, சேர்ந்தால் விழுகிறது என்றால் சப்ளையின் மொத்தத் திறன் போதவில்லை அல்லது வயதாகிக் குறைந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டு தனியாகவே விழவைக்கிறது என்றால், அதன் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். விழுவது நின்றுவிட்டால் சப்ளையும் அதன் கேபிள்களும்தான் முதல் சந்தேகம்.

கார்டின் பெட்டியில் 300 வாட் என்று போட்டிருந்தாலும், சில மைக்ரோவினாடிகளுக்கு அது அதைவிடப் பல மடங்கு துள்ளும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். தரத்தில் 2022இல் வந்த 3.0 விதிமுறை, புதிய 16 பின் கனெக்டர் கொண்ட பெரிய சப்ளைகள் 100 மைக்ரோவினாடிக்குத் தங்கள் திறனைப் போல இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அதற்கு முந்தைய சப்ளை, சராசரிக் கணக்கில் போதுமானதாக இருந்தாலும், இந்தத் துள்ளலை ஷார்ட் என்று எண்ணி அணைந்துவிடலாம். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைக் கனெக்டரை மாட்டாமல், சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். பழுது என்று நினைத்தது இத்தோடு தீர்ந்துவிடுவதும் உண்டு.

கனெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையையும் டார்ச்சில் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், உருகியிருந்தால், அங்கே பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. அந்தக் கேபிளைச் சுத்தம் செய்து பயன்படுத்த முயல வேண்டாம்.

வயதான சப்ளைக்கு என்று சில குணங்கள் உண்டு. காலையில் முதல் முறை எழ மறுக்கும், நான்கைந்து முயற்சிக்குப் பிறகு எழுந்தால் நாள் முழுக்க ஓடும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்து, குளிர்ந்த நிலையில் அவற்றின் உள்தடை அதிகமாக இருப்பதால் இப்படி ஆகும். இன்னொன்று, வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கினாலே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவது. உள்ளே தேங்கிய சார்ஜில் சப்ளை ஏறக்குறைய 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்க வேண்டும், பெரிய கெபாசிட்டர் தேய்ந்தால் அந்த நேரம் குறையும். யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் நேரத்தில் மட்டும் அணைந்தால் யு.பி.எஸ்.ஸையும் சந்தேகியுங்கள். படிப்படியான அலையைத் தரும் யு.பி.எஸ்., ஆக்டிவ் பி.எஃப்.சி. சப்ளையோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பாரத்தில் கேட்கும் மெல்லிய கீச் சத்தம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அதிர்வதால் வருவது, அது பழுதல்ல. ஆனால் எரிந்த வாடை, மீன் நாற்றம் போன்ற ஒன்று, வெடித்த சத்தம் இவற்றில் எது வந்தாலும் மறுபடி ஆன் செய்து பார்க்கவே கூடாது.

மாற்றும்போது

சப்ளை கெட்டது உறுதியானால் முழுதாக மாற்றுங்கள், வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால் பழைய கேபிள்கள் அத்தனையையும் பழைய சப்ளையோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். சப்ளை பக்கம் செருகும் முனையில் எந்த ஓட்டையில் எது வரும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலேயே மாறும். கனெக்டர் கச்சிதமாக நுழையும், பிறகு 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும். கேபினட்டுக்குள் கட்டிய ஒயர்களை மறுபடி இழுப்பது அலுப்பாக இருக்கிறது என்று டிஸ்க்குக்குப் போகும் பழைய சாட்டா பவர் கேபிளை விட்டுவைப்பவர்கள் பல ஆண்டு படங்களை இழப்பது இப்படித்தான்.

புதியதையும் முதலில் பேப்பர் கிளிப்பில் எழுப்பி அளந்து பாருங்கள். பிறகு டிஸ்க்குகளை மாட்டாமல் ஓட்டுங்கள். பயாஸ் திரை வந்து ஐந்து நிமிடம் நின்ற பிறகு, டிஸ்க்குகளைக் கடைசியாகச் செருகுங்கள்.